டெஸ்மண்ட் பட்டம்: பறித்தவர்களும் தரித்தவர்களும்

1586ஆம் ஆண்டு டப்ளினில் கூடிய அயர்லாந்து நாடாளுமன்றம், இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே கொல்லப்பட்டுவிட்ட ஒருவரை ராஜத்துரோகி என்று சட்டம் இயற்றி அறிவித்தது. அவர் ஜெரால்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட், டெஸ்மண்டின் எர்ல். அவருடைய தலை எலிசபெத் மகாராணிக்கு அனுப்பப்பட்டு, லண்டன் பாலத்தில் குத்தி வைக்கப்பட்டிருந்தது. செத்தவரை மறுபடியும் தண்டிக்க ஒரு நாடாளுமன்றம் கூடுவானேன்?

காரணம் சட்டத்தில் இருந்தது. கலகத்தில் கொல்லப்பட்டவர் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவர் அல்ல. ஆகவே அவருடைய நிலமும் பட்டமும் முறைப்படி அவர் மகனுக்குப் போயாக வேண்டும். அதைத் தடுக்க ஆங்கிலச் சட்டத்தில் ஒரு கருவி உண்டு. அதன் பெயர் அட்டெய்ண்டர். ஒருவர் மீது அது பாய்ந்தால் அவர் உடைமை அரசுக்குச் சேரும். அதோடு அவருடைய இரத்தமே கெட்டுவிட்டதாகக் கருதப்படும். கெட்ட இரத்தத்தின் வழியாக வாரிசுரிமை இறங்காது. மகன் இருந்தும் இல்லாதவன் ஆவான்.

சட்டம் நிறைவேறியது, நிலம் கைமாறியது. ஆனால் பட்டம் மட்டும் சட்டத்துக்கு அடங்கவில்லை. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் குறைந்தது ஐந்து பேர் 'டெஸ்மண்ட் எர்ல்' என்று அழைக்கப்பட்டார்கள். ஒருவரை மக்கள் ஆக்கினார்கள், ஒருவரை மகாராணி ஆக்கினார், ஒருவரை ஸ்பெயின் ஏற்றுக்கொண்டது, இருவரை அரசவைச் செல்வாக்கு ஆக்கியது. பட்டம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் மூன்று சரக்குகள்: நிலம், மக்களின் ஏற்பு, அரசின் முத்திரை. பறிமுதல் என்ற ஒரே அடியில் மூன்றையும் கைப்பற்றிவிடலாம் என்று லண்டன் நினைத்தது. மூன்றும் மூன்று திசையில் போயின. டெஸ்மண்டின் கதையை அந்தக் கோணத்திலிருந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லைப்புறத்து அரசர்கள்

1169இல் நார்மன் படைகள் அயர்லாந்தில் இறங்கியபோது வந்தவர்களில் மோரிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒருவர். அவருடைய சந்ததியில் ஒரு கிளை கிழக்கே கில்டேரில் வேரூன்றியது; மற்றொரு கிளை தென்மேற்கே மன்ஸ்டர் மாகாணத்துக்குப் போனது. கெர்ரி, லிமெரிக், கார்க், வாட்டர்ஃபோர்ட் பகுதிகளில் விரிந்த இந்தக் கிளையின் தலைவர் மோரிஸ் ஃபிட்ஸ்தாமஸுக்கு மூன்றாம் எட்வர்ட் 1329இல் எர்ல் பட்டம் கொடுத்தார். கூடவே கெர்ரியில் தனி ஆட்சியுரிமையும் கிடைத்தது. அங்கே நீதிமன்றமும் அதிகாரிகளும் அரசருடையவர்கள் அல்லர், எர்லுடையவர்கள்.

லண்டனிலிருந்து அவ்வளவு தூரத்தில், மக்கார்த்தி போன்ற கேலிக் அரச குலங்களுக்கு நடுவே வாழ்ந்த குடும்பம் நாளடைவில் பாதி ஐரிஷ் ஆனது. ஆங்கிலேயக் குடிகள் ஐரிஷ் மொழி பேசக் கூடாது, ஐரிஷ் குடும்பங்களில் மணம் செய்யக் கூடாது, பிள்ளைகளை வளர்க்கக் கொடுக்கக் கூடாது என்று 1366இல் கில்கென்னிச் சட்டங்கள் தடை போட்டன. மறு ஆண்டே அயர்லாந்தின் தலைமை நீதிபதியாக அமர்ந்தவர் டெஸ்மண்டின் மூன்றாம் எர்ல் ஜெரால்ட். அவரோ ஐரிஷ் மொழியில் காதல் கவிதை எழுதியவர். அவர் சாகவில்லை, லாஃப் கர் ஏரிக்கடியில் உறங்குகிறார் என்று ஊரார் கதை கட்டியிருக்கிறார்கள். நார்மன் பிரபு ஒருவர் கேலிக் நாட்டுப்புறக் கதையின் நாயகனாகிவிட்டார் என்றால், குடும்பம் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருந்தது என்பது புரியும்.

இந்த அதிகாரம் ஓடியது காகிதத்தால் அல்ல. எர்லின் படைவீரர்களையும் குதிரைகளையும் குடிகள் தங்கள் வீட்டில் வைத்துச் சோறும் தீவனமும் போட வேண்டும். இந்தக் கட்டாயத்துக்கு 'கொய்ன் அண்ட் லிவரி' என்று பெயர். சிறு பிரபுக்கள் எர்லுக்குப் படை கொடுத்தார்கள், எர்ல் அவர்களுக்குக் காவல் கொடுத்தார். உழவனுக்கு இது பெரும் பாரம். ஆனாலும் யாருக்குக் கட்டுப்பட்டால் மாடு களவு போகாது, வீடு எரியாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

பட்டம் பறிபோகும் ஆபத்து முன்பும் ஒருமுறை வந்தது. 1468இல் எர்ல் தாமஸ் மீது துரோகக் குற்றம் சாட்டி, அரசப் பிரதிநிதி ஜான் டிப்டாஃப்ட் அவரை த்ரோஹெடாவில் தலை வெட்டிக் கொன்றார். மன்ஸ்டர் கொதித்தெழுந்தது. அட்டெய்ண்டர் நிலைக்கவில்லை, தாமஸின் மகன் எர்லாகவே தொடர்ந்தார். அன்று அரசிடம் சட்டம் இருந்தது, அதை மன்ஸ்டரில் செல்லுபடியாக்கும் பலம் இல்லை. நூறாண்டு கழித்து அந்தப் பலம் வந்துவிட்டது.

மாற்றாந்தந்தையும் மகனும்

1558இல், கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த ஜெரால்ட் பட்டத்துக்கு வந்தபோது அவர் வாரிசா என்பதே சர்ச்சையாக இருந்தது. அவர் தந்தை ஜேம்ஸ் முதல் மனைவியை நெருங்கிய இரத்த உறவு என்ற காரணம் காட்டி விலக்கியவர். அதனால் மூத்த மகன் தாமஸ் ரோ உரிமை இழந்தார். பின்னாளில் இந்தத் தாமஸின் மகனே பட்டத்தைத் தூக்கிக்கொண்டு எழுவார்.

பக்கத்துப் பகையாளி ஆர்மண்டின் பட்லர் குடும்பம். எல்லையிலும் சுங்கத்திலும் இரு வீட்டுக்கும் தலைமுறைத் தகராறு. இதில் உறவுச் சிக்கல் வேறு. ஜெரால்ட் மணந்த ஜோன், ஆர்மண்ட் எர்லின் விதவை. ஜெரால்டைவிட மிகவும் மூத்தவர். அவருடைய மகன் தாமஸ் பட்லர், 'கறுப்பு டாம்' என்று பெயர் பெற்ற ஆர்மண்ட் எர்ல். ஆக, ஜெரால்டின் பரம எதிரி அவருடைய மனைவியின் மகன். நடுவில் நின்று இருவரையும் தடுத்துவந்தவர் ஜோன். 1565 தொடக்கத்தில் அவர் இறந்தார். சில வாரங்களிலேயே அஃபேன் ஆற்றுத்துறையில் இரு படைகளும் மோதின. தொடையில் குண்டு பாய்ந்து ஜெரால்ட் பிடிபட்டார்.

இரண்டு பிரபுக்கள் மகாராணியின் அனுமதியின்றிப் போர் நடத்தியது எலிசபெத்துக்குப் பெரும் அவமதிப்பு. ஆனால் தண்டனை சமமாக விழவில்லை. ஆர்மண்ட் அரசவையில் வளர்ந்தவர், புராட்டஸ்டண்ட், மகாராணிக்கு வேண்டியவர். டெஸ்மண்ட் 1567இல் கைதாகி, லண்டன் கோபுரச் சிறையிலும் பிறகு வீட்டுக் காவலிலுமாக 1573 வரை அடைபட்டுக் கிடந்தார்.

இந்த இடைவெளியில்தான் மன்ஸ்டர் தீப்பிடித்தது. தனிப்படைகளை ஒழித்து, மாகாணத்துக்கு ஆங்கிலத் தலைவர் ஒருவரை நியமித்து, குடியேற்றத்துக்கு வழி செய்வது லண்டனின் திட்டம். எர்லின் உறவினர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்மோரிஸ் 1569இல் கலகம் தொடங்கினார். அடக்க வந்த ஹம்ஃப்ரி கில்பர்ட் தன் கூடாரத்துக்குப் போகும் பாதையின் இருபுறமும் வெட்டிய தலைகளை வரிசையாக வைத்தார். சரணடைய வருபவர்கள் தங்கள் உறவினர் முகங்களைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். 1573இல் கலகம் ஓய்ந்தது. ஃபிட்ஸ்மோரிஸ் ஐரோப்பாவுக்குப் போனார்.

1579 ஜூலையில் அவர் போப்பாண்டவரின் ஆசியோடும் சிறு படையோடும் கெர்ரிக் கரையில் இறங்கினார். மண்ணுக்கான சண்டை இப்போது மதப் போராகவும் ஆனது. ஃபிட்ஸ்மோரிஸ் அடுத்த மாதமே ஒரு சிறு மோதலில் இறந்தார். எர்லின் தம்பி ஜான் தலைமை ஏற்றார். எர்லோ இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தார். நவம்பர் 2ஆம் தேதி ஆங்கில நிர்வாகம் அவரைத் துரோகி என்று அறிவித்தபின் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அதே மாதம் யோல் நகரைச் சூறையாடினார்.

நான்கு ஆண்டுப் போர் மன்ஸ்டரைச் சுடுகாடாக்கியது. 1580 நவம்பரில் ஸ்மெர்விக் கோட்டையில் சரணடைந்த சுமார் 600 பேரை அரசப் பிரதிநிதி ஆர்தர் கிரே வெட்டிக் கொல்ல உத்தரவிட்டார். அங்கிருந்த படைத்தலைவர்களில் வால்டர் ராலேயும் ஒருவர். பயிர் எரிந்தது, மாடுகள் பறிபோயின, பஞ்சம் வந்தது. 1582இல் ஆறு மாதங்களுக்குள் 30,000 பேர் பட்டினியால் செத்ததாக ஓர் ஆங்கில அதிகாரியே மதிப்பிட்டார். கிரேயின் செயலாளராக இருந்த கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சர், காடுகளிலிருந்து கைகளால் ஊர்ந்து வந்த எலும்புக்கூடு மனிதர்களைப் பின்னாளில் எழுதிவைத்தார். பஞ்சம் பயனுள்ள ஆயுதம் என்பதே அவர் எடுத்துக்கொண்ட பாடம்.

வேட்டையை முடிக்க அனுப்பப்பட்டவர் ஆர்மண்ட். எர்லின் கூட்டாளிகள் ஒவ்வொருவராக விலகினார்கள். 1583 நவம்பர் 11ஆம் தேதி ட்ராலிக்கு அருகே க்ளெனகிந்தி பள்ளத்தாக்கில், எர்லின் ஆட்கள் ஓட்டிச்சென்ற மாடுகளைத் தேடி வந்த மோரியார்ட்டி குடும்பத்தாரும் படைவீரர்களும் விடியலில் அவரைக் கண்டுபிடித்தார்கள். டேனியல் கெல்லி என்பவர் வெட்டினார்.

இறந்தவர் மீது சட்டம்

நாடாளுமன்றத்தில் வேலை எளிதாக முடிந்துவிடவில்லை. 1574இலேயே எர்ல் தம் நிலங்களை நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் பெயருக்கு மாற்றி எழுதியிருந்தார். அந்தப் பத்திரம் செல்லுமானால், 1579இல் கலகம் தொடங்கியபோது அவருக்குச் சொந்தமாக நிலமே இல்லை. இல்லாததை அரசு எப்படிப் பறிக்கும்? மசோதா இந்த இடத்தில் முட்டிக்கொண்டது. அப்போது அரசுத் தரப்பு இன்னொரு ஆவணத்தை எடுத்து வைத்தது. நிலப் பத்திரத்துக்குச் சில வாரங்கள் முன்பு, அரசப் பிரதிநிதியை எதிர்த்து எர்லுக்குத் துணை நிற்போம் என்று அவரும் அவர் ஆதரவாளர்களும் கையெழுத்திட்ட உடன்படிக்கை அது. நில மாற்றத்துக்கு முன்பே துரோகம் தொடங்கிவிட்டது, ஆகவே மாற்றம் மோசடி என்று வாதம் வந்தது. எதிர்ப்பு அடங்கியது.

பறிமுதலானது 5 லட்சம் ஏக்கருக்கு மேல் என்று பழைய கணக்குகள் சொல்கின்றன. வாரிசுகள் போட்ட வழக்குகளால் கையில் நின்றது அதைவிடக் குறைவு. நிலத்தை 12,000, 8,000, 6,000, 4,000 ஏக்கர் கொண்ட பெரும் பண்ணைகளாகப் பிரித்து, ஆங்கிலக் குடிகளைக் கொண்டுவந்து அமர்த்த வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். ராலேக்கு மட்டும் சுமார் 42,000 ஏக்கர் கிடைத்தது. ஸ்பென்சருக்குக் கில்கோல்மனில் சுமார் 3,000 ஏக்கர். இதுவே மன்ஸ்டர் குடியேற்றம். பின்னாளில் வடக்கே அல்ஸ்டர் மாகாணத்தில் மிகப் பெரிய அளவில் நடந்ததற்கு இது ஒத்திகை.

வைக்கோல் எர்லும் கோபுர எர்லும்

1598இல் வடக்கே கேலிக் பிரபு ஹ்யூ ஓ'நீல் ஆங்கிலப் படையை முறியடித்த கையோடு மன்ஸ்டருக்குள் ஆள் அனுப்பினார். குடியேற்றம் சில வாரங்களில் சரிந்தது. ஸ்பென்சரின் வீடு எரிந்தது. உரிமை இழந்த தாமஸ் ரோவின் மகன் ஜேம்ஸ் ஃபிட்ஸ்தாமஸ் தம்மை டெஸ்மண்ட் எர்ல் என்று அறிவித்தார். சட்டப்படி அப்படி ஒரு பட்டமே அப்போது இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் அவர் பின்னே திரண்டார்கள். எதிரிகள் அவரை 'சூகான் எர்ல்', அதாவது வைக்கோல் புரி எர்ல் என்று கேலி செய்தார்கள்.

1600இல் மன்ஸ்டர் தலைவராக வந்த ஜார்ஜ் கேரூவும் லண்டனில் மகாராணியின் அமைச்சர் ராபர்ட் செசிலும் ஓர் உபாயம் கண்டார்கள். போலி எர்லை வெல்ல உண்மையான எர்லை அனுப்பினால் என்ன? ஜெரால்டின் ஒரே மகன் ஜேம்ஸ், எட்டு வயதிலேயே ஆங்கிலேயர் கையில் ஒப்படைக்கப்பட்டு, 1584 முதல் லண்டன் கோபுரத்தில் வளர்ந்தவர். நோஞ்சான், மருந்தும் புத்தகமுமே துணை. எந்த இரத்தம் கெட்டது என்று சட்டம் சொன்னதோ, அதே இரத்தத்துக்கு 1600 அக்டோபரில் மகாராணி பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். பட்டயத்தை மட்டும் அவர் கையில் தராமல் கேரூவிடம் அனுப்பினார்கள். பலன் தெரிந்தபின் கொடுக்கலாம் என்ற கணக்கு.

அக்டோபர் 18, சனிக்கிழமை, ஜேம்ஸ் கில்மல்லக் நகருக்கு வந்தார். தெருவிலும் சன்னலிலும் கூரையிலும் கூட்டம். மங்கலமாகக் கோதுமையும் உப்பும் அவர் மேல் தூவினார்கள். பெரிய எர்லின் மகன் திரும்பி வந்துவிட்டான். மறுநாள் ஞாயிறு. ஜேம்ஸ் தாம் வளர்ந்த முறைப்படி புராட்டஸ்டண்ட் ஆலயத்துக்குப் போனார். வழியெல்லாம் மக்கள் மறித்து ஐரிஷ் மொழியில் கெஞ்சினார்கள், அவருக்குப் புரியவில்லை. வெளியே வந்தபோது வசைபாடினார்கள், காறித் துப்பினார்கள். அதன்பின் அவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. கேரூவின் தரப்பில் எழுதப்பட்டு 1633இல் வெளியான 'பகாட்டா ஹிபெர்னியா' என்ற நூலே இதைப் பதிவுசெய்கிறது. தங்கள் திட்டம் தோற்றதை ஆங்கிலேயரே ஒப்புக்கொண்ட சாட்சியம் என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

காசில்மேன் கோட்டை சரணடைய உதவியதைத் தவிர ஜேம்ஸால் ஒன்றும் ஆகவில்லை. 1601இல் லண்டன் திரும்பினார். அந்த ஆண்டு முடிவதற்குள் முப்பது வயதளவில் இறந்தார். பட்டம் மீண்டும் அற்றுப்போனது.

அதே 1601 மே மாதம் சூகான் எர்லும் ஒரு குகையில் பிடிபட்டார். காட்டிக்கொடுத்தவர் 'வெள்ளை நைட்' என்ற பரம்பரைப் பெயர் கொண்ட, ஃபிட்ஸ்ஜெரால்ட் வம்சத்துப் பிரபு. மரண தண்டனைக்குரிய தீர்ப்பு வந்தும் அவரைக் கொல்லவில்லை. இவர் செத்தால் தம்பி ஜான் எர்ல் என்று எழுவார், இவர் உயிரோடு இருக்கும்வரை அந்த உரிமை தம்பிக்கு வராது என்று கேரூ வாதிட்டார். இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை. சட்டத்தின் கண்ணில் இவருக்கு இல்லவே இல்லாத ஒரு பட்டத்தின் வாரிசு வரிசையைக் கணக்கில் வைத்து, அரசே ஒரு கைதியை உயிரோடு காத்தது. அவர் லண்டன் கோபுரத்திலேயே இறந்தார். தம்பி ஜான் ஸ்பெயினுக்குத் தப்பி, அங்கே 'கோந்தே தெ டெஸ்மண்ட்' என்று வாழ்ந்தார். அவருக்குப் பின் மகன் ஜெரால்டும் அந்தப் பெயரைச் சுமந்தார்.

சந்தைக்கு வந்த பட்டம்

அதன்பின் நடந்தது வேறு வகை. முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கு வேண்டிய ஸ்காட்லாந்துக்காரர் ரிச்சர்ட் ப்ரெஸ்டன், ஆர்மண்டின் கறுப்பு டாமுடைய ஒரே மகள் எலிசபெத்தை மணந்தார். மன்னர் 1619இல் ப்ரெஸ்டனை டெஸ்மண்ட் எர்ல் ஆக்கினார். ஜெரால்டை வேட்டையாடி முடித்தவரின் மகள் இப்போது டெஸ்மண்ட் சீமாட்டி. ஆர்மண்ட் சொத்திலும் பெரும் பங்கு ப்ரெஸ்டனுக்கு என்று மன்னர் தீர்ப்பளித்தார். ஏற்க மறுத்த புதிய ஆர்மண்ட் எர்ல் வால்டர் பட்லர் லண்டன் ஃப்ளீட் சிறையில் பல ஆண்டுகள் கிடந்தார். அந்தக் குடும்பத்துப் பிரபுவுக்கே, மருமகனாக வந்த அந்நியர் ஒருவரால் இந்தக் கதி.

1622இல் இன்னொரு ஏற்பாடு. ப்ரெஸ்டன் ஆண் வாரிசின்றி இறந்தால் பட்டம் ஜார்ஜ் ஃபீல்டிங் என்ற சிறுவனுக்குப் போகும். தகுதி என்ன? அவன் அரசவையை ஆட்டிவைத்த பக்கிங்ஹாம் கோமகனின் சகோதரி மகன். ப்ரெஸ்டனின் மகளை அவனுக்கு முடித்து நிலத்தையும் சேர்த்துவிடலாம் என்பது திட்டம். 1628இல் ப்ரெஸ்டன் ஐரிஷ் கடலில் மூழ்கி இறந்தார். பட்டம் ஃபீல்டிங்குக்கு வந்தது. பெண் வரவில்லை. அவள் மறு ஆண்டு ஜேம்ஸ் பட்லரை மணந்து ஆர்மண்ட் சொத்தை மறுபடி ஒன்றாக்கினாள். ஃபீல்டிங்குக்குக் கிடைத்தது நிலமும் குடிகளும் இல்லாத பெயர் மட்டுமே. 1675இல் அவருடைய மகன் டென்பி எர்ல் பட்டத்துக்கும் வாரிசானார். அன்று முதல் இரண்டு பட்டமும் ஒரே இங்கிலாந்துக் குடும்பத்தில், டெஸ்மண்ட் இரண்டாவது பெயராக, இருந்துவருகிறது.

எது பறிபோனது?

எர்ல்களின் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல இடமில்லை. கொய்ன் அண்ட் லிவரி உழவனைப் பிழிந்தது. ஜெரால்ட் தடுமாறிய அரசியல்வாதி. அவரைக் காட்டிக்கொடுத்தவர்களும் உள்ளூர்க்காரர்களே. மக்களின் ஏற்பு என்பதைப் பாசம் என்று மொழிபெயர்க்கக் கூடாது. காவல், பழக்கம், 1579க்குப் பிறகு கத்தோலிக்க மதம் ஆகிய மூன்றும் கூடிய கணக்கு அது. கில்மல்லக்கில் அந்தக் கணக்கை ஒரே இரவில் மக்கள் மாற்றிக்கொண்டார்கள் என்பதே அது எவ்வளவு விழிப்பான கணக்கு என்பதற்குச் சான்று. இரத்தம் சரியாக இருந்தது, முத்திரை சரியாக இருந்தது. ஆள் அவர்களுடையவர் அல்லர்.

எதிர்ச்சான்றும் அதே மண்ணில் உண்டு. டெஸ்மண்ட் எர்ல்களின் கிளைக் குடும்பங்களுக்கு 'கெர்ரி நைட்', 'க்ளின் நைட்' போன்ற பரம்பரைப் பெயர்கள் இருந்தன. அவை அரசர் பட்டயத்தில் பிறந்தவை அல்ல, வழக்கத்தில் வந்தவை. க்ளின் நைட் வரிசை 29ஆவது நைட் 2011இல் ஆண் வாரிசின்றி இறக்கும்வரை ஓடியது. கெர்ரி நைட் வரிசை இன்னும் இருக்கிறது. கெர்ரியில் பிறந்த டொமினிக்கன் துறவி டொமினிக் ஓ'டேலி, டெஸ்மண்ட் எர்ல்களின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் லத்தீனில் எழுதி 1655இல் லிஸ்பனில் வெளியிட்டார். நிலம் போய் எழுபது ஆண்டு கழித்தும் அந்தப் பெயருக்காகக் கடல் கடந்து பேச ஆள் இருந்தது.

1586இன் சட்டம் நிலத்தை முழு வெற்றியோடு எடுத்தது. மன்ஸ்டரின் உடைமை வரைபடம் அதற்குப் பிறகு பழையபடி ஆகவே இல்லை. முத்திரையையும் எடுத்து, வேண்டியவர்களுக்கு வழங்கியது. மக்களின் ஏற்பை மட்டும் அதனால் எடுக்கவும் முடியவில்லை, தான் அனுப்பிய வாரிசுக்கு ஊட்டவும் முடியவில்லை. அரசு கொடுத்ததை அரசு பறிக்கலாம். ஆனால் டெஸ்மண்ட் எர்லின் அதிகாரத்தில் பெரும்பகுதி எந்த அரசரும் கொடுத்ததல்ல. அட்டெய்ண்டர் சட்டத்தை எழுதியவர்கள் கணக்கில் எடுக்கத் தவறியது அதையே.